‘கடவுளா, கடவுளின் மகனா?’: நிக்கேயா விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

இயேசு கடவுளா இல்லை கடவுளின் மகனா என்று இரண்டு பேர் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே யோவான் நற்செய்திதான். ஒருவர் 10:30ஐ எடுப்பார், “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்று. மற்றவர் நாலே அதிகாரம் தள்ளிப் போய், “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” என்று 14:28ஐ வைப்பார். முதலாமவர் சீடர் தோமாவைக் கூப்பிடுவார், இயேசுவைப் பார்த்து அவர் சொன்னதை எடுத்துக்காட்டி: “என் ஆண்டவரே! என் தேவனே!” அடுத்தவர் விடமாட்டார், 17:3ல் இயேசுவே பிதாவைப் பார்த்து “ஒன்றான மெய்த்தேவன்” என்கிறாரே, அப்படியென்றால் இவர் யார் என்பார். விடியவிடியப் பேசலாம், ஆள் நகரமாட்டார்.

இதே வசனங்களை வைத்து நாலாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 60 வருடம் ஒரு பேரரசே சண்டை போட்டது. ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், கோயிலுக்குள் படை புகுந்தது, சபை மேல் சபை கூடியது (சபை என்று இங்கே சொல்வது ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் மாநாட்டை). இன்றைய துருக்கியில் இருக்கிற நிக்கேயாவில் 325ல் கூடிய சபையை நடுவில் வைத்துச் சுழன்ற அந்த வழக்கைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய வழக்கில் ‘அல்லது’ என்ற பொருளில் நடுவே வரும் அந்த ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது, கடவுளா இல்லை மகனா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கட்சியும் அவரை மகன் என்றது, இரண்டு கட்சியும் ஏதோ ஓர் அர்த்தத்தில் அவரைக் கடவுள் என்றது. அடித்துக்கொண்டது ‘மகன்’ என்றால் என்ன என்பதற்காக. இது பிடிபட்டால் இன்றைய வாக்குவாதத்தில் பாதி கரைந்துவிடும், மீதிப் பாதிதான் உண்மையான வாக்குவாதம்.

‘மகன்’ என்ற சொல்லின் கனம்

எபிரேய வேதத்தில் ‘கடவுளின் மகன்’ என்றாலே தெய்வம் என்று ஆகிவிடாது. யாத்திராகமம் 4:22ல் இஸ்ரவேல் மக்கள் மொத்தப் பேரும் கடவுளுக்கு மூத்த பிள்ளை. இரண்டாம் சங்கீதத்தில் அரசன் அரியணை ஏறும்போது, “நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்” என்று கடவுள் சொல்கிறார், அந்த ‘இன்று’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யோபு 1:6ல் வானதூதர்களும் தேவபுத்திரர்தான். ஆக, அந்தப் பட்டம் பொறுப்பைக் குறிக்கலாம், நெருக்கத்தைக் குறிக்கலாம், தேர்ந்தெடுக்கப்பட்டதைக் குறிக்கலாம்.

யோவான் நற்செய்திக்கு வரும்போது சொல்லின் எடை கூடுகிறது. 5:18ல் எதிராளிகளின் கோபத்துக்குக் காரணமே, இவர் கடவுளைத் தன் சொந்தத் தகப்பன் என்று சொல்லித் தன்னைக் கடவுளுக்குச் சமமாக்கிக்கொள்கிறார் என்பதுதான். ஆனால் 10ஆம் அதிகாரத்தில் அதே குற்றச்சாட்டு திரும்ப வரும்போது, உங்கள் வேதமே மனிதர்களைத் தேவர்கள் என்கிறதே, நான் தேவகுமாரன் என்றால் மட்டும் தூஷணமா என்று கேட்கிறார். ஒரே புத்தகத்துக்குள் அந்தச் சொல் இப்படி மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் இதை ஒரே கோட்டில் இழுத்து வைக்கவில்லை. வழிபட்டார்கள், அவர் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கணக்குத் தீர்ப்பதை ஒத்திப்போட்டார்கள். ஒத்திப்போட்ட கணக்கு வட்டியோடு வந்து நின்ற இடம் எகிப்தின் அலெக்சாந்திரியா.

318 வாக்கில் கிளம்பிய புகைச்சல்

அங்கே பௌக்காலிஸ் என்ற கோயிலில் மூப்பராக இருந்தவர் ஆரியுஸ், லிபியப் பூர்வீகம். (அவர் பெயரால் ‘ஆரியவாதம்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. படிப்பவர்கள் இன விவகாரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் ஆரியுஸ் கட்சி என்றே எழுதுகிறேன்.) உயரமான ஆள், இதமான பேச்சு, துறவி மாதிரி உடை, ஜனங்கள் மத்தியில் நல்ல செல்வாக்கு. அவருடைய ஆயர் அலெக்சாந்தர் ஒரு நாள் பிதா, குமாரன், ஆவி மூவரின் ஒருமையைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகவே விளக்கம் கொடுக்க, ஆரியுஸ் காதில் அது சபெல்லியுஸ் கொள்கையாக விழுந்தது என்று ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் எழுதுகிறார். சபெல்லியுஸ் கொள்கை என்றால், பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான், வேஷம்தான் வேறு என்பது. அது ஏற்கெனவே திருச்சபை தள்ளிவிட்ட கொள்கை.

ஆகவே ஆரியுஸைக் கலகக்காரராக மட்டும் பார்ப்பது சரியில்லை. அவர் பார்வையில் அவர்தான் காவல்காரர், ஒரே கடவுளைக் காப்பாற்றுகிறார். அவருடைய தர்க்கம் பார்க்க எளிமை: தகப்பன் என்றால் மகனுக்கு முந்தியவர். மகன் பிறந்தவர் என்றால் பிறப்புக்கு முன்பு அவர் இல்லை. “அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது.” இந்த ஒரு வாக்கியம்தான் ஊரைப் பற்றவைத்தது. கவனியுங்கள், ‘ஒரு காலம் இருந்தது’ என்றுகூட அவர் சொல்லவில்லை. காலமே மகன் வழியாகத்தான் படைக்கப்பட்டது என்பது அவருக்கும் சம்மதம், அதனால் காலம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டார். விவரமான ஆள்தான்.

தன் ஆயருக்கு எழுதிய கடிதத்தில் மகனை “கடவுளின் நிறைவான படைப்பு, ஆனால் மற்றப் படைப்புகளில் ஒன்றைப் போல அல்ல” என்கிறார். நிக்கோமேதியா ஆயர் யுசேபியுஸுக்கு எழுதிய கடிதத்தில் அதே மகனை “முழுமையான கடவுள், ஒரேபேறானவர், மாறாதவர்” என்கிறார். ‘இயேசு கடவுள் இல்லை என்று சொன்ன ஆள்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறவர் எழுதிய வரி இது.

அவருடைய பலமான ஆயுதம் நீதிமொழிகள் 8:22. ஞானம் பேசுகிற இடம் அது, அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இரண்டு கட்சிக்கும் சண்டையில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘ஆண்டவர் தம் வழிகளின் தொடக்கமாக என்னைப் படைத்தார்’ என்று இருக்கிறது. படைத்தார்! வழக்கு முடிந்தது என்றுதான் தோன்றும். எபிரேய மூலத்தில் இருக்கிற வினைச்சொல்லோ ‘அடைந்தார்’, ‘உடைமையாகக் கொண்டார்’ என்றும் பொருள் தரும், நம் பழைய தமிழ் வேதாகமமும் “தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்” என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் எதிர்க்கட்சியின் பெரிய எழுத்தாளர் அத்தனாசியுஸ் அந்த வழியாகப் போகவில்லை. ‘படைத்தார்’ என்பது அவர் எடுத்துக்கொண்ட மனித உடலைப் பற்றியது என்று சுற்றி வளைத்து விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினார். எபிரேயம் தெரிந்திருந்தால் எத்தனை பக்கம் மிச்சமாகியிருக்கும்.

இதோடு கிரேக்க எழுத்துக்கூட்டல் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ‘பிறந்தது’ என்பதற்கு கென்னேத்தோஸ், ‘உண்டானது’ என்பதற்கு கெனேத்தோஸ். ஒரே ஒரு ‘ன்’ கூடக் குறைய. காதில் விழும்போது வித்தியாசம் மிகச் சன்னம், எழுதுகிறவர்களும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள், அதற்கு முந்திய தத்துவ நூல்களிலும் இரண்டையும் பெரிதாகப் பிரிக்கவில்லை. பிறந்தது எல்லாம் உண்டானதுதானே என்று ஆரியுஸ் கட்சி கேட்டதற்கு இந்த மங்கலும் ஒரு காரணம். அத்தனாசியுஸ் பக்கம் சொன்ன பதிலோ ரொம்ப நேரடியானது: ஒருவன் வீடு கட்டுகிறான், பிள்ளை பெறுகிறான். கட்டிய வீடு அவனுக்கு வெளியே இருக்கிற பொருள், பெற்ற பிள்ளை அவன் இனம், அவன் இயல்பு. மகன் என்றாலே தகப்பனின் அதே தன்மை.

வழக்கின் மூட்டு இதுதான். மகன், ஆகவே தகப்பனுக்குப் பிந்தியவர் என்கிறது ஒரு பக்கம். மகன், ஆகவே தகப்பனின் தன்மையே உடையவர் என்கிறது மறுபக்கம். மனித அனுபவத்தில் இரண்டுமே உண்மை. கடவுள் விஷயத்தில் எதைப் பிடிப்பது, எதை விடுவது? வசனத்தை எண்ணிப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது, வசனமெல்லாம் இந்தக் கேள்விக்கு முந்தியது.

எகிப்து, லிபியா ஆயர்கள் சுமார் நூறு பேர் கூடி ஆரியுஸை விலக்கினார்கள். அவர் பாலஸ்தீனம், நிக்கோமேதியா என்று ஆதரவு தேடிப் போனார். மாலுமிகளுக்கும் மாவரைக்கிறவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தார் என்று, அவர் பக்கம் அனுதாபமுள்ள வரலாற்றாசிரியர் பிலோஸ்தோர்கியுஸே எழுதியிருக்கிறார். இறையியல் பாட்டாகத் துறைமுகத்தில் இறங்கிவிட்டால் ஆயரின் சுற்றறிக்கை என்ன செய்யும்.

நிக்கேயா, 325

பேரரசர் கான்ஸ்டன்டைன் 324ல் கிழக்குப் பகுதியை ஆண்ட லிசினியுஸைத் தோற்கடித்துப் பேரரசு முழுவதையும் கைக்குள் கொண்டுவந்த கையோடு இந்தச் சண்டை அவர் மேஜைக்கு வந்தது. கொர்தோபா ஆயர் ஓசியுஸ் கையில் அலெக்சாந்தர், ஆரியுஸ் இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் கொடுத்தனுப்பினார். சாரம்: இது அற்ப விஷயம், இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டதும் தப்பு, அதற்குப் பதில் சொன்னதும் தப்பு, தத்துவக்காரர்கள் கருத்து வேறுபட்டும் ஒன்றாக இல்லையா, சமாதானமாகப் போங்கள். ஆளுகிறவர்கள் எல்லாருக்கும் வருகிற எரிச்சல்தான். கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை, நிக்கேயாவில் சபையைக் கூட்டினார்.

அரசாங்கச் செலவில், அரசாங்கத் தபால் வண்டிகளில் ஆயர்கள் வந்து இறங்கினார்கள். 250க்கு மேல் என்கிறார் நேரில் இருந்த செசரியா யுசேபியுஸ். பிற்பாடு 318 என்ற எண் நிலைத்துவிட்டது. ஆதியாகமத்தில் ஆபிரகாம் கூட்டிப்போன ஆட்களின் எண்ணிக்கை 318, அந்தப் பொருத்தத்தின் கவர்ச்சிதான். பெரும்பாலோர் கிழக்கத்தியர். உரோமை ஆயர் சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு மூப்பர்களை அனுப்பினார். கொஞ்ச காலம் முன்புவரை நடந்த துன்புறுத்தலில் கண் போனவர்களும் கை கருகியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். துன்புறுத்தின அதே அரசின் தலைவர் இப்போது ஊதா அங்கியில் நடந்து வந்து, ஆயர்கள் சைகை காட்டும்வரை தங்க நாற்காலியில் உட்காராமல் நின்றார் என்று யுசேபியுஸ் பூரித்து எழுதுகிறார்.

உள்ளே நடந்ததை அத்தனாசியுஸ் பிறகு எழுதியிருக்கிறார். ஒரு கட்சிக்காரரின் சாட்சியம்தான், இருந்தாலும் அந்தக் காட்சியில் பொய் வாடை இல்லை. ஆயர்கள் முதலில் வேதத்திலிருந்தே ஒரு சொல்லை எடுத்து ஆரியுஸ் கட்சியை மடக்கப் பார்த்தார்கள். ‘மகன் கடவுளிடமிருந்து வந்தவர்’ என்று போடலாமா? நிக்கோமேதியா யுசேபியுஸின் ஆட்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். ஓ, போடலாமே, எல்லாம் கடவுளிடமிருந்துதானே வந்தது, பவுலே சொல்லியிருக்கிறார். சரி, ‘கடவுளின் வல்லமை’? அதுவும் சம்மதம், யோவேல் தீர்க்கதரிசி வெட்டுக்கிளிக் கூட்டத்தையே கடவுளின் வல்லமை என்கிறார். ‘கடவுளின் சாயல்’? மனிதனும் கடவுளின் சாயல்தான். என்ன சொல் போட்டாலும் அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடுகிறார்கள். வேதத்துச் சொல்லெல்லாம் இரு தரப்புக்கும் பொது என்பது அந்த அறையில்தான் முதல்முறை உறைத்திருக்க வேண்டும்.

அப்போது வந்து விழுந்த சொல் ஹோமோஊசியோஸ். ‘ஒரே சாரம் உடையவர்’, ‘ஒரே பொருளானவர்’. இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு, பிற்பாடு மிலான் ஆயராக இருந்த அம்புரோஸ் ஒரு சுவையான சேதி தருகிறார். மகன் படைக்கப்படாதவர் என்றால் அப்புறம் ஹோமோஊசியோஸ் என்றே சொல்ல வேண்டிவருமே என்று நிக்கோமேதியா யுசேபியுஸ் ஒரு கடிதத்தில் திகிலாக எழுதியிருந்தாராம். எதிரிக்கு எது தொண்டையில் இறங்காதோ அதையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தந்திரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தச் சொல்லில் ஏகப்பட்ட கோளாறு இருந்தது. முதலில், அது வேதத்தில் இல்லை. ‘சாரம்’ என்றதும் கடவுளை ஏதோ பண்டம் மாதிரி துண்டு போடுகிறார்களா என்று சந்தேகம் வந்தது. 268ல் அந்தியோக்கியாவில், அந்த ஊர் ஆயர் சமோசாத்தா பவுலைக் கண்டித்த சபை இதே சொல்லைத் தள்ளியது என்ற பேச்சும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே பொருள் என்றால் ஒரே ஆள் என்று, அதாவது பழைய சபெல்லியுஸாக, அதை வாசிக்க முடியும். இதையெல்லாம் உட்கார்ந்து விவரித்துத் தீர்க்காமலே அந்தச் சொல்லை விசுவாச அறிக்கையில் சேர்த்துவிட்டார்கள். உடல்ரீதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பேரரசரே சொன்னதாக செசரியா யுசேபியுஸ் தன் ஊர்த் திருச்சபைக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் முழுவதுமே, நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் தெரியுமா, நான் இதை இந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டேன் என்ற சமாளிப்பு. அவரவர் மனதில் அவரவர் அர்த்தத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். மறுத்தவர்கள் இரண்டே ஆயர்கள், லிபியாப் பக்கத்து செக்குந்துஸும் தெயோனாஸும். அவர்களும் ஆரியுஸும் நாடு கடத்தப்பட்டார்கள். கையெழுத்துப் போட்ட நிக்கோமேதியா யுசேபியுஸும் மூன்று மாதத்தில் அதே வழியில் போனார்.

இடையில் ஒரு வார்த்தை. இந்தச் சபையில்தான் பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள், இயேசுவை ஓட்டுப் போட்டுக் கடவுளாக்கினார்கள் என்றெல்லாம் சுற்றுகிற கதைகளைத் தூரப் போடுங்கள். நூல் பட்டியல் அங்கே பேசப்படவே இல்லை. ஈஸ்டர் தேதி பேசப்பட்டது, ஒழுங்கு விதிகள் 20 போடப்பட்டன. மீரா ஆயர் புனித நிக்கோலாஸ் அங்கே ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தார் என்பதும் பல நூற்றாண்டு கழித்து முளைத்த கதை. நல்ல கதைதான், ஆனால் கதை.

தீர்ப்புக்கு அப்புறம்தான் கலவரம்

தீர்ப்பு வந்தும் வழக்கு முடியவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் வினோதம். நிக்கோமேதியா யுசேபியுஸ் மூன்று வருடத்தில் திரும்பி வந்தார், அரண்மனையில் செல்வாக்கு பிடித்தார். கடைசியில் 337ல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். ஆரியுஸ் அந்த ஒரு சொல்லைத் தவிர்த்து வழவழவென்று ஒரு விசுவாச அறிக்கை கொடுத்து மன்னிப்புப் பெற்றார். 336ல் புதிய தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் நற்கருணைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட இருந்த சமயத்தில் பொதுக் கழிப்பிடத்தில் திடீரென்று இறந்தார் என்று அத்தனாசியுஸ் எழுதிவைத்தார், எதிராளிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த மகிழ்ச்சி பிடிப்பதில்லை.

328ல் அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியுஸ் 45 வருடப் பதவிக் காலத்தில் ஐந்து தடவை விரட்டப்பட்டு, சுமார் 17 வருடம் வெளியில் கழித்தார். அவர் மேல் வந்த குற்றச்சாட்டுகளைப் பார்த்தால் இறையியல் வாடையே இருக்காது. அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று கையை வெட்டி மந்திரத்துக்கு வைத்திருக்கிறார் என்று ஒரு வழக்கு, சாட்சிக்கு வெட்டிய கை ஒன்றும் ஆஜர். 335ல் தீர் நகரச் சபையில் அத்தனாசியுஸ் அந்த அர்சேனியுஸையே உயிரோடு கொண்டுவந்து நிறுத்தி, போர்வையை விலக்கி ஒரு கை, அப்புறம் இன்னொரு கை என்று காட்டினாராம், மனிதனுக்கு மூன்றாவது கை எங்கே இருக்கும் என்று கேட்டபடி. இருந்தும் தண்டனை தப்பவில்லை. கடைசியில் அவரை திரியர் நகரத்துக்கு அனுப்பக் காரணமான குற்றச்சாட்டு, தலைநகருக்குப் போகிற தானியக் கப்பலை நிறுத்துவேன் என்று மிரட்டினார் என்பது. அவரும் பூனைக்குட்டி இல்லை, அடாவடி செய்யக்கூடியவர்தான் என்பதற்கும் சான்று இருக்கிறது.

கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்ஷியுஸ் ஆட்சியில் சபைகள் கூடின, கூடின, கூடிக்கொண்டே இருந்தன. கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எரிச்சலோடு எழுதுகிறார், சபைக்குச் சபை ஓடுகிற ஆயர் கூட்டத்தால் அரசாங்கத் தபால் வண்டிப் போக்குவரத்தே படுத்துவிட்டதாம். 357ல் சிர்மியும் நகரில், ‘ஒரே சாரம்’ வேண்டாம், ‘ஒத்த சாரம்’ வேண்டாம், சாரம் என்ற பேச்சே வேண்டாம் என்றார்கள். 359ல் மேற்கே ரிமினியிலும் கிழக்கே செலுக்கியாவிலும் இரட்டைச் சபை. நெருக்குதலுக்குப் பிறகு ‘வேதத்தின்படி மகன் தகப்பனைப் போன்றவர்’ என்ற மொழுக்கட்டை வாசகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எந்த வகையில் போன்றவர்? அதைத்தான் கேட்கக் கூடாது. உலகம் முழுவதும் முனகியது, தான் ஆரியுஸ் கட்சியாகிவிட்டதைக் கண்டு திகைத்தது என்று பிற்பாடு வேத அறிஞர் எரோணிமுஸ் எழுதியது இதைப் பற்றித்தான்.

இந்தக் குழப்பத்தில் ஹோமோஊசியோஸ், ஹோமோயூசியோஸ் என்று இரண்டு முகாம். ‘ஒரே சாரம்’, ‘ஒத்த சாரம்’. கிரேக்கத்தில் ஓர் ‘இயோத்தா’தான் வித்தியாசம், அந்த மொழியின் மிகச் சின்ன எழுத்து. ஓர் எழுத்துக்காக அடித்துக்கொண்டார்கள் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. தமிழில் ‘கல்’லுக்கும் ‘கள்’ளுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், குடித்துப் பார்த்தால் தெரியும். கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த இரண்டு முகாமுக்கும் நடுவே இருந்த தூரம் இரண்டுக்கும் ஆரியுஸுக்கும் நடுவே இருந்த தூரத்தைவிடக் குறைவு. அதைக் கண்டுபிடிக்க 30 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

யாரோ ஒருவர் கேட்டார்: நீங்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள்?

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த கட்டம் நிக்கேயா கிடையாது, 362ல் அலெக்சாந்திரியாவில் கூடிய ஒரு சின்னச் சபைதான். பேரரசர் யூலியான் கிறிஸ்தவத்தை விட்டவர், எல்லாரும் ஊர் திரும்பலாம், அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். திரும்பி வந்த அத்தனாசியுஸுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அந்தியோக்கியாவில் ஒரு கூட்டம் கடவுளில் மூன்று ‘ஹைப்போஸ்டாஸிஸ்’ (‘தனி ஆள்’ என்றும் ‘சாரம்’ என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய கிரேக்கச் சொல்) என்கிறது, இன்னொரு கூட்டம் ஒன்றுதான் என்கிறது. வழக்கம்போல விலக்கித் தள்ளுவதற்குப் பதிலாக இரண்டு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். மூன்று என்கிறீர்களே, மூன்று கடவுளா, மூன்று வேறுவேறு இயல்பா? இல்லவே இல்லை, மூவரும் உண்மையாக மூவர், பெயரளவில் மூவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம். ஒன்று என்கிறீர்களே, சபெல்லியுஸ் மாதிரியா? ஐயையோ, சாரம் ஒன்று என்பதற்காகச் சொல்கிறோம். அப்படியா, சரி, இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள்.

நிக்கேயா அறிக்கையின் பின்குறிப்பே ஹைப்போஸ்டாஸிஸையும் ஊசியாவையும் (சாரம்) ஒரே பொருளில் போட்டிருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்தக் கேள்வி பதில் எவ்வளவு பெரிய முடிச்சை அவிழ்த்தது என்பது புரியும். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு கப்பதோக்கியாவின் பசிலியுஸ், அவர் தம்பி நீசா கிரகோரி, நண்பர் நாசியான்சு கிரகோரி மூவரும் சொற்களைப் பிரித்து வைத்தார்கள்: ஊசியா பொதுவானது, அது ஒன்று, ஹைப்போஸ்டாஸிஸ் அவரவருக்கு உரியது, அது மூன்று. ‘அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது’ என்பதற்குப் பதிலும் நிதானமாக வந்தது. பிறப்பு என்பது இங்கே ஒரு நாள் நடந்த சம்பவம் இல்லை, உறவு. விளக்கு இருக்கும்போதே வெளிச்சமும் இருக்கிறது, வெளிச்சம் விளக்கிலிருந்துதான் வருகிறது, ஆனால் விளக்குக்குப் பிந்தியது இல்லை. இரண்டாம் சங்கீதத்தில் பார்த்த அந்த ‘இன்று’, கடவுளுடைய முடிவில்லாத இன்று என்று அலெக்சாந்திரியா இறையியலாளர் ஓரிகேன் முந்தைய நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார்.

அத்தனாசியுஸ் விடாமல் பிடித்துக்கொண்ட காரணம் தர்க்கத்தைவிட வழிபாட்டில் இருந்தது என்பேன். ஆரியுஸ் கட்சிக்காரர்களும் இயேசுவை வணங்கினார்கள். படைப்பை வணங்கினால் அது விக்கிரக ஆராதனை என்பது அவர்களுக்கும் தெரியும். பிறகு எப்படி? இந்தக் கேள்விக்கு அவர்களிடமிருந்து திருப்தியான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம், “அந்த நாளைக் குமாரனும் அறியார்” என்ற மாற்கு 13:32க்கு அத்தனாசியுஸ் பக்கம் கொடுத்த பதிலும் (மனிதர் என்ற முறையில் அறியார், கடவுள் என்ற முறையில் அறிவார்) எனக்கு முழுசாக இறங்கவில்லை. கடவுளும் மனிதரும் அவரில் எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்ற அடுத்த வழக்குக்கு அது கதவைத் திறந்துவிட்டது. 451ல் கால்சதோனில் அதற்கு ஒரு தீர்ப்பு எழுதினார்கள், அதிலும் கிழக்குத் திருச்சபைகளில் ஒரு பெரும்பகுதி சேரவில்லை, இன்றுவரை.

தெருவில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு நீசா கிரகோரி கான்ஸ்டான்டிநோபிளில் செய்த பிரசங்கம் ஒன்று போதும். சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறான், ரொட்டி என்ன விலை என்றால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்கிறான், குளியலறை தயாரா என்றால் குமாரன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டானவர் என்று பதில் வருகிறது. இது அவர் நொந்துபோய்ச் சொன்னது.

முடிவு எப்படி வந்தது என்பதை நாசூக்காக மறைக்கக் கூடாது. சொற்களைத் தெளிவாக்கியது ஒரு பாதி, பேரரசர் தியோடோசியுஸ் மறு பாதி. 380ல் அவருடைய ஆணை நிக்கேயா நம்பிக்கையைச் சட்டமாக்கியது. தலைநகரின் ஆயர் தெமோஃபிலுஸ் கையெழுத்துப் போட மறுத்து, தன் ஜனங்களோடு மதிலுக்கு வெளியே போய் ஆராதனை நடத்தினார். 381ல் 150 ஆயர்கள் கூடி உறுதிசெய்த நம்பிக்கை அறிக்கைதான் இன்று கோயில்களில் நிக்கேயா விசுவாச அறிக்கை என்று சொல்லப்படுவது. ‘கடவுளிடமிருந்து கடவுள், ஒளியிலிருந்து ஒளி, பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர்’. அந்தக் கடைசித் துண்டைச் சொல்கிறவர்கள் எத்தனை பேருக்கு அது ஒரு ‘ன்’ விவகாரம் என்று தெரியும்!

ஆரியுஸ் பக்கம் அழிந்துவிடவும் இல்லை. வுல்ஃபிலா என்ற ஆயர் கோத் மொழியில் வேதத்தை மொழிபெயர்த்து அந்த நம்பிக்கையைக் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவரிடம் கொண்டுபோனார். இத்தாலியின் ரவென்னாவில் இன்றும் இரண்டு ஞானஸ்நான மண்டபங்கள் நிற்கின்றன, ஒன்று நிக்கேயா கட்சியினுடையது, ஒன்று ஆரியுஸ் கட்சியினுடையது. இரண்டின் கூரையிலும் வண்ணச் சில்லுகளில் யோர்தான் நதி, இடுப்பளவு தண்ணீரில் இயேசு, மேலே புறா, சுற்றி வட்டமாக அப்போஸ்தலர்கள். பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்றைய வசனச் சண்டைக்கு வந்தால்

யோவான் 1:1ல் “அந்த வார்த்தை தேவனாயிருந்தது” என்ற இடத்தை யெகோவாவின் சாட்சிகள் ‘ஒரு தேவனாக’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கிரேக்கத்தில் அங்கே சுட்டு இடைச்சொல் (ஆங்கிலத்தில் ‘the’ மாதிரி) இல்லை என்பது அவர்கள் வாதம். தமிழில் அப்படி ஓர் இடைச்சொல்லே கிடையாது, அதனால் நமக்கு இந்தச் சண்டையே அந்நியமாகப் படும். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்திலும் ‘தேவன்’ அந்த இடைச்சொல் இல்லாமல்தான் வருகிறது, அங்கே யாரும் ‘ஒரு தேவன்’ என்று போடுவதில்லை. அதனால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் மறுபக்கமும் கொண்டாட வேண்டாம், ‘வார்த்தை தேவனிடத்தில் இருந்தது’ என்று அதே வரி இருவரையும் வேறுபடுத்தியும் காட்டுகிறது.

இன்னும் சுவையானது 1:18. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் “ஒரேபேறான குமாரன்”. ஆனால் மிகப் பழைய பப்பிரஸ் பிரதிகள் இரண்டிலும், சினாயத்திக்கு, வத்திக்கான் என்ற பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் ‘ஒரேபேறான கடவுள்’ என்று இருக்கிறது. பிரதி எடுத்தவர்கள் புனிதச் சொற்களை இரண்டெழுத்தாகச் சுருக்குவார்கள். கடவுள் என்பதற்கும் மகன் என்பதற்கும் அந்தச் சுருக்கத்தில் முதல் எழுத்து ஒன்றுதான் வேறு. ஆக, கடவுளா மகனா என்ற கேள்வி ஏட்டிலேயே ஓர் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது, எழுதினவன் எதை எழுதியிருந்தாலும் வாசித்தவன் தயங்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறான்.

1553 அக்டோபர் 27, ஜெனீவா. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுத்ததற்காக ஸ்பானிய மருத்துவர் மிகுவேல் செர்வேத்துஸைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். எரிகிற நேரத்தில் அவர் கூப்பிட்டது, “இயேசுவே, நித்திய கடவுளின் மகனே, எனக்கு இரங்கும்” என்று. கூடப் போயிருந்த போதகர் ஃபாரெல் கடைசிவரை அவரிடமிருந்து வரவழைக்கப் பார்த்தது “கடவுளின் நித்திய மகனே” என்பதை. அந்த ‘நித்திய’ ஒரு சொல் தள்ளிப்போயிருந்தால் போதும். செர்வேத்துஸ் தள்ளவில்லை.